எடுத்து விடு, எடுத்துவிடு

அந்தத் தெருவில் "கண்ணாடி எங்கே?" என்று கேட்டால் யாரும் கண்ணாடிக் கடையைக் காட்டமாட்டார்கள். மருந்துக் கடைக்கும் சாவி வெட்டுகிற கடைக்கும் நடுவே ரயில் பெட்டி மாதிரி உள்ளே நீண்டு போகிற ஒரு சலூனைக் காட்டுவார்கள். அங்கே போய் மூக்குக் கண்ணாடி போட்ட ஆளைத் தேடினால் ஏமாந்து போவீர்கள். சலூன்காரருக்குப் பார்வையில் ஒரு குறையும் கிடையாது. பெயர் வந்த வழி வேறு.

வாலிபத்திலிருந்தே அவர் மனிதர்களின் முதுகுக்குப் பின்னால் நின்று பிழைப்பவர். உட்கார்ந்திருப்பவரின் முகம் அவருக்குக் கிடைப்பது எதிர்ச் சுவரில் இருக்கிற பெரிய கண்ணாடியில்தான். சிரிப்பது, விசாரிப்பது, ஊர் வம்பு பேசுவது, விலைவாசியைத் திட்டுவது எல்லாமே அந்தக் கண்ணாடியைப் பார்த்துத்தான். வாய் என்றால் அப்படி ஒரு வாய். நாற்காலியில் உட்கார்ந்தவன் கிருதாவை மறந்துவிட்டுக் கதை கேட்டுக்கொண்டிருப்பான். ஆனால் அதே ஆள் எழுந்து, துண்டை உதறிவிட்டு, அவருக்கு நேர் எதிரே வந்து நின்று "அப்புறம்?" என்று கேட்டால் போதும், மனிதர் வாயடைத்துப் போவார். உதடு அசையும், சத்தம் வராது. கை தன்பாட்டுக்குச் சீப்பைத் தேடும். நேருக்கு நேர் ஒரு முகத்தைப் பார்த்துப் பேசும் வித்தையை அவர் பழகவே இல்லை.

கல்யாணம் எப்படி நடந்தது என்று கேட்பீர்கள். அதுவும் கண்ணாடி புண்ணியம்தான். அச்சகத்தில் எழுத்துக் கோக்கும் வேலையில் இருந்த ஒருவர் தவறாமல் அங்கே முடிவெட்ட வருவார். கூடவே தங்கையும் வந்து பின்னாலிருக்கும் பெஞ்சில் உட்கார்ந்திருப்பாள். அண்ணனின் தலைக்கு மேலே, கண்ணாடியில், அவள் முகம் தெரியும். அண்ணன் தலையைக் குனிந்து கண்ணை மூடியிருந்த நேரத்தில் இருவரும் கண்ணாடி வழியே பேசித் தீர்த்துவிட்டார்கள். கல்யாணமான மறுநாள் காலையில்தான் அவள் கன்னத்து மச்சம் தான் நினைத்திருந்த பக்கத்தில் இல்லை, மறுபக்கத்தில் இருக்கிறது என்று இவருக்குத் தெரிந்தது. ஆள் மாறிவிட்டதோ என்று ஒரு கணம் ஆடிப்போனதாக அவரே சொல்வார். கண்ணாடியைப் பார்த்துத்தான்.

அவள் கெட்டிக்காரி. அழுது மூக்கைச் சிந்தாமல், அடுப்புக்கு மேலே ஒரு கண்ணாடி, சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்தில் ஒரு கண்ணாடி, கட்டிலுக்கு எதிரே ஒரு கண்ணாடி என்று மாட்டிவிட்டுக் குடித்தனம் நடத்தினாள். சண்டை வரும்போது மட்டும் கண்ணாடியில் துணியைப் போட்டு மூடிவிடுவாள். அத்தோடு சண்டை முடிந்தது, ஜெயித்தது யார் என்றும் தெரிந்தது.

இப்படிப்பட்டவருக்கும் அந்த அண்ணனுக்கும், அதாவது மச்சானுக்கும், ஒரு மீசையால் பேச்சு நின்றுபோனது.

மச்சானைப் பற்றியும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். தாய் தகப்பன் போன பிறகு தங்கையை ஆளாக்கியவர். தனக்கென்று கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அச்சகத்தின் மாடியில் ஓர் அறை, அதில் ஒரு கட்டில், ஒரு பெட்டி, அவ்வளவுதான் அவருடைய சொத்து. காலமெல்லாம் ஈய எழுத்துகளைப் பொறுக்கிப் பொறுக்கிக் கோத்ததில் பேச்சிலும் அச்சு வாடை ஏறிவிட்டது. நாமெல்லாம் "வந்துட்டேன்" என்போம். அவர் "வந்துவிட்டேன்" என்பார். காலை மிதித்தால்கூட "மிதித்துவிட்டீர்கள்" என்றுதான் கத்துவார். வாரம் தவறாமல் ஞாயிற்றுக்கிழமை மதியம் தங்கை வீட்டில்தான் சாப்பாடு. மேசையில் அவருக்கென்று ஒரு நாற்காலி, அதில் மற்றவர்கள் உட்கார மாட்டார்கள்.

சில வருஷங்களுக்கு முன்பு அச்சகத்தில் எல்லோரையும் வரிசையாக நிறுத்திப் படம் எடுக்கப் போவதாகச் சொன்னார்கள். மச்சான் சலூனுக்கு வந்தார். நாற்காலியில் சாய்ந்தார். "மீசையை எடுத்து விடுங்கள் மாப்பிள்ளை" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடினார். மூடியவர் அப்படியே தூங்கியும் போனார்.

அவர் சொன்னதற்கு அர்த்தம், மீசையை இரண்டு பக்கமும் சீவி, முறுக்கி, எடுப்பாக நிறுத்தி விடுங்கள் என்பது. மாப்பிள்ளை என்ன நினைத்தார்? மற்றவர்கள் "எடுத்துடுங்க" என்று சொல்வதைத்தான் இவர் தன் அச்சுத் தமிழில் "எடுத்துவிடுங்கள்" என்கிறார் என்று நினைத்தார். கத்தியை எடுத்தார். எடுத்துவிட்டார்.

தூங்கி எழுந்த மச்சான் கண்ணாடியில் யாரோ ஒருவரைப் பார்த்தார். நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்து, திரும்பி, மாப்பிள்ளைக்கு நேர் எதிரே நின்றார். "நான் நடுவில் இடம் விட்டுச் சொன்னேன். எடுத்து, இடம், விடுங்கள். அதைச் சேர்த்துப் படித்தது யார் குற்றம்?" என்று கேட்டார். வாயால் சொல்வதில் இடம் எங்கே தெரியும் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். தெரியாமல் நடந்துவிட்டது, மன்னித்துவிடுங்கள் என்று இன்னொரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இரண்டுமே இவர் தொண்டை வரை வந்தன. ஆனால் எதிரே நின்றது முகம், கண்ணாடி அல்ல. உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. கை சீப்பைத் தேடியது.

மச்சான் அதைத் திமிர் என்று எடுத்துக்கொண்டார். மீசை போனால் முளைக்கும், ஒரு வார்த்தை சொல்ல மனசு வரவில்லையே என்று தங்கையிடம் பொருமினார். அவருக்கு நேரில் பேச வராது அண்ணே, கண்ணாடி வேண்டும் என்று அவள் எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தாள். அவர் நம்பவில்லை. யார்தான் நம்புவார்கள்? அன்றோடு ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு நின்றது. அந்த நாற்காலியில் சலூன் துண்டுகள் அடுக்கடுக்காக ஏறின. தங்கை அவற்றை மடிக்கும்போதெல்லாம் ஒரு பெருமூச்சு விடுவாள், வேண்டுமென்றே கணவர் காதில் விழுகிற மாதிரி.

இந்த நிலையில் மச்சானுக்கு ஓய்வு பெறும் நாள் வந்தது. வேலை முடிந்தால் மாடி அறையையும் காலி செய்ய வேண்டும். தூரத்து ஊரில் ஒரு பழைய சிநேகிதன் கூப்பிடுகிறான், அங்கேயே போய் இருந்துகொள்கிறேன் என்றார். தங்கைக்குத் தூக்கிவாரிப் போட்டது. அச்சக வாசலில் போய் நின்று, நம்ம வீட்டுக்கு வந்துடுங்க அண்ணே என்று மன்றாடினாள். அவர் கடைசியில் இறங்கி வந்தார். விழா நாள் காலையில் உன் புருஷன் கடைக்கே சவரத்துக்கு வருகிறேன், அவர் வாயைத் திறந்து ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும், பெட்டியோடு வந்துவிடுகிறேன், இல்லையென்றால் மறுநாள் ரயில் என்றார்.

அவள் வீட்டுக்கு வந்து, அடுப்பங்கரைக் கண்ணாடியில் கணவரின் கண்ணைப் பார்த்து, ஒரு விரலை நீட்டி இதைச் சொன்னாள். அவர் தலையாட்டினார். இதென்ன பிரமாதம்? மச்சான் நாற்காலியில் உட்காரப் போகிறார், எதிரே கண்ணாடி இருக்கப் போகிறது. ஒரு வார்த்தை என்ன, ஒரு மணி நேரம் பேசலாம்.

அந்த நாளும் வந்தது, மச்சானும் வந்தார். முளைத்து அடர்ந்த மீசையின் மேல் ஒரு கையை வைத்துக்கொண்டே வந்தார். விழாவுக்கென்று தைத்த வெளிர் மஞ்சள் கோட்டைக் கழற்றிச் சுவர் ஆணியில் மாட்டினார். நாற்காலியில் உட்கார்ந்தார். இன்று தூங்குவதாக இல்லை, கண்கள் உருண்டு திறந்திருந்தன. மாப்பிள்ளை கழுத்தில் துணியைக் கட்டினார், நுரை பூசினார், கண்ணாடியில் மச்சானின் கண்ணைப் பிடித்தார், தொண்டையைக் கனைத்தார். "மச்சான்..." என்று வாய் திறந்தார்.

மின்சாரம் போய்விட்டது.

ஜன்னல் இல்லாத நீளக் கடை. உள்ளே பட்டப்பகலிலும் இருட்டு. கண்ணாடி இருந்த இடத்தில் ஒரு கறுப்புச் சுவர்தான் இருந்தது. வந்த வார்த்தை வந்த வழியே திரும்பிப் போய்விட்டது. இருட்டிலிருந்து மச்சான் "சொல்லுங்கள், கேட்கிறேன்" என்றார். மாப்பிள்ளை பதறிக்கொண்டு மெழுகுவத்தியைத் தேடினார். எப்படியாவது கண்ணாடியைத் திரும்பக் கொண்டுவர வேண்டும். பற்றவைத்து அலமாரி விளிம்பில் நிறுத்தினார், வெளிச்சம் நுரையில்தான் விழுந்தது. சுவர்ப் பலகையில் நிறுத்தினார், மூக்கு மட்டும் தெரிந்தது. கையில் உயர்த்திப் பிடித்துக்கொண்டு இடமும் வலமும் நடந்து பார்த்தார். கண்ணைத் தவிர மச்சானின் சகல உறுப்புகளும் கண்ணாடியில் வந்து போயின. அந்த உலாவலில், ஆணியில் தொங்கிய கோட்டின் முதுகில் மெழுகு சொட்டுச் சொட்டாக ஒழுகியது. அதை அவர் பார்த்தார். அதற்கு மேல் அவருக்கு ஒரு வார்த்தையும் நினைவில் இல்லை.

சவரம் முடிந்தது. அரை வெளிச்சத்திலும் கை பிசகவில்லை, மீசை பத்திரமாக இருந்தது. மச்சான் எழுந்து நேரே திரும்பி நின்று காத்திருந்தார். மாப்பிள்ளையின் உதடு அசைந்தது. மச்சானின் முகம் வாடிப்போனது. கோபம் வந்திருந்தால்கூடப் பரவாயில்லை. அவர் கோட்டை எடுக்கக் கை நீட்டியபோது மாப்பிள்ளை முந்திக்கொண்டு அதைப் பறித்து மார்போடு அணைத்துக்கொண்டார். தேய்க்கிற மாதிரி கையால் ஒரு ஜாடை காட்டினார். மச்சான் ஒரு கணம் யோசித்தார். கோட்டைத் தேய்த்துத் தருகிறேன் என்கிறார் மனுஷன், கல்லுக்குள்ளும் கொஞ்சம் ஈரம் இருக்கும்போலிருக்கிறது.

"சரி. சாயங்காலம் விழாவுக்குக் கொண்டுவாருங்கள். சொல்ல வேண்டியதையும் அங்கேயே சொல்லுங்கள். அதுதான் கடைசி" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் தெருமுனை திரும்பினாரோ இல்லையோ, மின்சாரம் வந்தது.

வெளிச்சத்தில் பார்த்தால் முதுகின் நடுவே வரிசையாகச் சொட்டுகள், தோலில் கொப்புளம் மாதிரி. தொடாமல் விட்டிருந்தால் தானே இறுகிப்போய் நகத்தால் நெம்பினாலே பாதி வந்திருக்கும். ஆனால் சவரத் தொழில் செய்கிறவருக்கு உலகத்திலுள்ள எல்லாக் கஷ்டத்துக்கும் முதல் மருந்து வெந்நீர்த் துண்டு. துண்டை நனைத்துப் பிழிந்து ஆவி பறக்கக் கோட்டின் மேல் போட்டு அமுக்கினார். மெழுகு உருகி, சொட்டெல்லாம் ஒன்றுசேர்ந்து, ஒரு விரித்த கைக்குட்டை அகலத்துக்குப் பரவியது. அடுத்த மருந்து நுரை. கோட்டை நாற்காலியின் சாய்வில் விரித்து, முதுகு முழுவதும் நுரை பூசி, கத்தியைத் தீட்டி, மேலிருந்து கீழாகச் சவரம் செய்தார். சும்மா சொல்லக்கூடாது, பிரமாதமான சவரம். மேலே படிந்திருந்த மெழுகு வழுவழுவென்று வந்துவிட்டது. துணிக்குள் இறங்கியது மட்டும் எண்ணெய்க் கறை போல அப்படியே நின்றது.

அந்த நேரத்தில், ஒரு வார்த்தை பேசினாரா இல்லையா என்று தெரிந்துகொள்ள மனைவி வந்தாள். நுரை அப்பிய கோட்டைப் பார்த்தாள். அவள் கேட்க வந்ததை விட்டுவிட்டு, கண்ணாடியில் அவரைப் பார்த்துத் தலையிலடித்துக்கொண்டாள். மெழுகை முதலில் ஆறவிட வேண்டும், பனிக்கட்டி வைத்து இறுகவைக்க வேண்டும், அப்புறம் சுரண்ட வேண்டும், நீங்க தலைகீழா செஞ்சிருக்கீங்க என்று பொரிந்து தள்ளினாள். நுரையைத் துடைத்தாள், கோட்டை மின்விசிறிக்கு நேரே பிடித்து உலர்த்தினாள். மீதி மெழுகை எடுக்க ஒரே வழிதான், சூட்டில் அது இளகும்போது காகிதம் உறிஞ்சிக்கொள்ளும் என்றாள்.

"மேலயும் கீழயும் பேப்பர் வச்சு, இஸ்திரிப் பெட்டிய மெதுவா ஓட்டுங்க. வீட்டுல எடுத்து வச்சிருக்கேன், இதோ போய் எடுத்துட்டு வரேன்" என்றாள்.

அவள் சொன்ன பேப்பர், சாமான் சுற்றி வருகிற, எழுத்தில்லாத பழுப்புத் தாள். ஆனால் சலூனில் பேப்பர் என்றால் ஒன்றே ஒன்றுதான், பெஞ்சில் கிடப்பது, காத்திருப்பவர்கள் பங்கு போட்டுப் படிப்பது. பேப்பர் கடையிலேயே இருக்கும்போது இவள் எதற்கு வீட்டுக்கு ஓடுகிறாள் என்று அவருக்குப் புரியவில்லை. அவள் போனதும் பெஞ்சைத் துழாவினார். அன்று காலையில்தான் வந்த உள்ளூர் விளம்பரத் தாள் கையில் அகப்பட்டது. வாரா வாரம் மச்சானின் அச்சகத்திலிருந்து வருவது, மை இன்னும் விரலில் ஒட்டியது. மேலே ஒன்று, கீழே ஒன்று வைத்து, துண்டுகளைத் தேய்க்கிற இஸ்திரிப் பெட்டியை எடுத்து ஓட்டினார். மெதுவாக ஓட்டச் சொன்னாள் அல்லவா, மிக மிக மெதுவாக ஓட்டினார்.

தாளை உரித்தார். மெழுகு போயே போய்விட்டது. சொட்டுத் தடயம் இல்லை. அந்த இடத்தில், வெளிர் மஞ்சள் துணியில், கன்னங்கரேலென்று நான்கு வரி இருந்தது.

எல்லா எழுத்துகளும் வலம் இடமாகத் திரும்பி இருந்தன. வேறு யாராவது என்றால் ஏதோ பூவேலை என்று நினைத்திருப்பார்கள். இவர் கோட்டைக் கண்ணாடிக்கு நேரே காட்டினார். கண்ணாடி படித்துக் காட்டியது: "பழைய சாமான்கள் வீடு தேடி வந்து எடுத்துக்கொள்ளப்படும். உடைந்தது, ஓய்ந்தது, ஓடாதது எதுவானாலும் சரி."

ஓய்வு பெறுகிற மனிதரின் முதுகில் எழுத இதைவிடப் பொருத்தமான வாசகத்தை யாரும் தேடிப் பிடிக்க முடியாது. அவர் ஓடிப்போய் ஈரத்துண்டை எடுத்தார். துடைத்தார், மை இன்னும் கறுத்தது. சோப்புப் போட்டார், ஓரம் மட்டும் கொஞ்சம் மங்கியது. துவைத்துக் காயவைக்க நேரமில்லை. மனைவி தாளோடு வாசலில் வருவது தெரிந்ததும் கோட்டைச் சுருட்டி ஒரு துணிப்பைக்குள் போட்டுவிட்டார். "அதுக்குள்ள மெழுகு போச்சா?" என்று கேட்டாள். "போச்சு" என்றார் கண்ணாடியிடம். அது பொய்யில்லை. அவள் முகம் மலர்ந்துவிட்டது, அதைப் பார்க்கத்தான் அவருக்குத் தாங்கவில்லை.

தனியாக உட்கார்ந்து மனசைத் தேற்றிக்கொண்டார். எழுத்து திரும்பியல்லவா இருக்கிறது? கண்ணாடி இல்லாமல் யாரால் அதைப் படிக்க முடியும்? எதற்கும், போட்ட நிமிஷத்திலிருந்து கழற்றுகிற நிமிஷம் வரை மச்சானின் முதுகோடு முதுகாக ஒட்டிக்கொள்வது என்று முடிவு கட்டினார். பின்னால் நிற்பதுதானே அவர் தொழில்.

விழா அச்சகத்துக் கூடத்திலேயே நடந்தது. இயந்திரங்களை ஓரமாகத் தள்ளி, நாற்காலி போட்டிருந்தார்கள். மாப்பிள்ளை கோட்டைப் பின்னாலிருந்து மாட்டிவிட்டார், தோளைத் தட்டிச் சரி செய்தார், அங்கேயே நின்றுகொண்டார். மச்சான் நகர்ந்தால் நகர்ந்தார். மச்சான் தண்ணீர் குடிக்கப் போனால் கூடவே போனார். கை கழுவப் போனபோதும் விடவில்லை. பேசாமலிருந்த மனுஷன் இப்படி நிழலாக ஒட்டிக்கொண்டதைப் பார்த்து மச்சானுக்கு நெஞ்சு இளகிப்போனது. வாயில் வராதது காலில் வருகிறது என்று நினைத்துக்கொண்டார். அச்சகத்து ஆட்களும் மச்சான் மாப்பிள்ளை என்றால் இப்படி அல்லவா இருக்க வேண்டும் என்று வியந்தார்கள். முன்வரிசையில் தங்கை கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மச்சான் உட்கார்ந்தால் நாற்காலி முதுகு மறைத்தது. நின்று பேசியபோது பின்னால் சுவர் இருந்தது. எல்லாம் நல்லபடியாக முடியும் என்றிருந்த நேரத்தில் முதலாளி எழுந்து, எல்லோரும் சேர்ந்து வாங்கிய பரிசைக் கொடுத்தார். ஆள் பாதி உயரத்துக்கு ஒரு சுவர்க் கடிகாரம். மச்சான் அதை வாங்கினார், கனம் தாங்காமல் திரும்பி, "பிடியுங்கள் மாப்பிள்ளை" என்று அப்படியே இவர் கையில் ஏற்றிவிட்டார். பிறகு முதலாளியின் கையைப் பிடித்துக்கொண்டு, நன்றி சொல்ல ஆரம்பித்தார். முதுகு முழுவதும் கூடத்தைப் பார்த்துத் திறந்து கிடந்தது. கடிகாரத்தைச் சுமந்தபடி இவர் இடமும் வலமும் தத்தளித்தார், மறைக்க முடியவில்லை.

கூடமே அந்த முதுகைப் பார்த்தது. எல்லோருடைய உதடுகளும் மெல்ல அசைந்தன.

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. அங்கே உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் எழுத்துக் கோப்பவர்கள். ஈயத்தில் எழுத்து திரும்பித்தான் இருக்கும். பிழைப்பு முழுவதும் திரும்பிய எழுத்தைப் படித்தே பழகியவர்கள், நேராக இருந்தால்தான் கொஞ்சம் தடுமாறுவார்கள். உலகத்திலேயே அந்த முதுகைக் கண்ணாடியில்லாமல் படிக்கக்கூடிய ஒரே கூட்டத்தைத் தேடிப் பிடித்து, அதன் நடுவே மச்சானைக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்.

பின்வரிசையில் ஒருவர் சிரிப்பை அடக்கமுடியாமல் இருமினார். பிழை திருத்தும் அம்மாள் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "பிழை ஒண்ணும் இல்ல, நல்ல கோப்பு" என்றாள். அவ்வளவுதான், கூடமே வெடித்துச் சிரித்தது.

மச்சான் திரும்பினார். எல்லோரும் தன் முதுகைப் பார்ப்பது தெரிந்து, கோட்டைக் கழற்றி மேசைமேல் விரித்தார். ஒரே பார்வையில் படித்து முடித்தார். சிரிப்பு அடங்கிவிட்டது. அவர் முகம் சிவந்து, பிறகு வெளுத்தது. நிதானமாக நடந்துவந்து மாப்பிள்ளைக்கு நேர் எதிரே நின்றார்.

"இது என்ன?" என்று மட்டும் கேட்டார்.

உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. முன்வரிசையில் தங்கை பாதி எழுந்து நின்றாள். இந்த நிமிஷம் போனால் அண்ணன் போனார் என்று அவளுக்கும் தெரியும், இவருக்கும் தெரியும். சீப்பைத் தேடலாம் என்றால் இரண்டு கையிலும் கடிகாரம். அவர் தலையைக் குனிந்தார். கடிகாரத்தின் கண்ணாடியில், முள்ளுக்கும் எண்களுக்கும் மேலே, தன் முகம் தெரிந்தது. கடிகாரத்தைக் கொஞ்சம் சாய்த்தார், இன்னும் கொஞ்சம் சாய்த்தார். மச்சானின் முகமும் அதற்குள் வந்து சேர்ந்தது.

"மச்சான்" என்றார் கடிகாரத்திடம். கூடத்துக்கே கேட்டது. "மெழுகு ஒழுகினது என்னாலதான். பேப்பர் வச்சுத் தேய்ச்சதும் நான்தான். அந்த மீசையும் நான்தான். அன்னிக்கே சொல்லியிருக்கணும், வாய் வரல. எனக்கு நேருல பேச வராது மச்சான், உங்க தங்கச்சி சொன்னது நெஜம். தப்பு என்னுது. மன்னிச்சுக்குங்க. வீட்டுக்கு வந்துடுங்க. உங்க நாற்காலியில ஒரு துண்டு வைக்கக்கூட விடமாட்டேன், இனிமே."

 ஒரு மனிதர் கடிகாரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அதனிடம் மன்னிப்புக் கேட்பதை அந்தக் கூடம் அதுவரை பார்த்ததில்லை. மச்சான் அவர் முகத்தைப் பார்த்தார், பிறகு அவர் பார்க்கிற இடத்தைப் பார்த்தார். தங்கை இத்தனை வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தது அப்போதுதான் அவருக்கு விளங்கியது. அவரும் குனிந்து, கடிகாரக் கண்ணாடிக்குள் மாப்பிள்ளையின் கண்ணைத் தேடிப் பிடித்தார்.

"நானும் கொஞ்சம் இடம் விட்டுச் சொல்லியிருக்க வேண்டும் மாப்பிள்ளை" என்றார். பிறகு மேசைமேல் கிடந்த கோட்டைக் காட்டினார். "இந்த விளம்பரத்தைக் கோத்தவனே நான்தான். என் கடைசிப் பக்கம். ஓய்ந்தது எதுவானாலும் சரி என்று போட்டிருக்கிறது. வீடு தேடி வந்து எடுத்துக்கொள்வீர்களா?"

மாப்பிள்ளை கடிகாரத்திடம் பலமாகத் தலையாட்டினார்.

மறுநாள் காலையில் மாடி அறைக்குப் போய்ப் பெட்டியைத் தூக்கிவந்தவர் அவர்தான். வழியெல்லாம் மச்சானுக்குப் பின்னாலேயே நடந்தார், பழக்கம் விடவில்லை.

அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் மேசையில் மூன்று தட்டு. துண்டுகள் கட்டிலுக்குப் போயிருந்தன, நாற்காலியில் மச்சான் இருந்தார். மேசைக்குப் பக்கத்திலிருந்த கண்ணாடியைக் கழற்றிவிட்டு அந்த ஆணியில் பரிசுக் கடிகாரத்தை மாட்டியிருந்தார்கள். அது உயரத்தில் இருந்தது, யார் முகமும் அதில் தெரியவில்லை. மாப்பிள்ளை குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தங்கை கோட்டைக் கையில் வைத்துக்கொண்டு, மை போக ஒரு மருந்து இருக்கிறதாம், இந்த எழுத்தை என்ன செய்யட்டும் அண்ணே என்று கேட்டாள்.

மச்சான் மீசையைத் தடவிக்கொண்டார். "எடுத்து விடு, பாப்பா" என்றார்.

அவள் சரி என்று உள்ளே போகத் திரும்பினாள். அப்போது மேசைக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது. மாப்பிள்ளை தலையை நிமிர்த்தி, கண்ணாடி எதையும் தேடாமல், நேரே மச்சானின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மச்சான், நடுவுல இடம் இருக்கா, இல்லையா?"

இடம் இல்லையென்றால் அந்த எழுத்து போய்விட வேண்டும். இருந்தால் எடுப்பாக நிற்க வேண்டும். தங்கை கோட்டைப் பிடித்தபடி அப்படியே நின்றாள், கணவரின் நேர்க்குரலை அவள் கேட்பது அதுதான் முதல் தடவை. மச்சான் வாயில் போட்ட கவளத்தை மென்று விழுங்கினார். அச்சுத் தமிழெல்லாம் அந்த நேரத்தில் அவருக்கு எங்கே போயிற்றோ தெரியவில்லை.

"இடம் இருக்கு மாப்ளே" என்றார்.